மீசையில் ஒட்டிய மண்

கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லும் மனிதர்களை நமக்கெல்லாம் தெரியும். தோற்றதை ஒத்துக்கொள்ளாதவரைக் கேலி செய்ய நம் ஊரில் இதைவிட நல்ல பழமொழி கிடையாது. குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால் தோல்வி. தாரா சிங், கிங்காங் காலத்துக் கதைகளை அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். எல்லாக் கதையும் யாரோ ஒருவர் மல்லாந்ததோடு முடிந்துவிடும்.

இந்தப் பதிவு அதற்கு நேர்மாறான ஒரு கலையைப் பற்றியது. அதில் மல்லாந்து படுத்த பிறகுதான் பாதி ஆட்டமே தொடங்குகிறது. தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் எதிராளியின் தோளிலோ தரையிலோ இரண்டு மூன்று முறை தட்ட வேண்டும். "மண் ஒட்டிவிட்டது ஐயா" என்று நாமே சொல்வதுபோல. அந்த நொடியே அவர் பிடியை விட்டுவிடுவார். கைகொடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம்.

பெயர், பிரேசிலிய ஜியு-ஜிட்சு. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற மறுவருடம், 61 வயதில் சென்னையில் ஒரு சிறிய பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தேன். இப்போது 63. இடுப்பில் இன்னமும் வெள்ளை பெல்ட்தான். அதில் இரண்டு பட்டைகள். காலை நடைக்கு வரும் நண்பர்கள் கேட்பது ஒரே கேள்வி: "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமாய்யா? உனக்கு அறுபது வேறு!" அவர்களுக்குப் பதில் சொல்லலாமே என்றுதான் இதன் சரித்திரத்தைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கத் தெரிந்தது, இந்தக் கலை பலசாலி இளைஞர்களால் மட்டும் வளர்ந்தது அல்ல. குள்ளமானவர்களும், எடை குறைந்தவர்களும், ஆபீஸ் போய்வந்த நடுவயதுக்காரர்களும் இதை வளர்த்திருக்கிறார்கள்.

முதலில் ஜப்பானுக்குப் போவோம். ஜிகோரோ கானோ 1860-ல் பிறந்தவர். உயரம் ஐந்தடிக்குச் சற்றே மேல். பள்ளி நாட்களில் பெரிய பையன்களிடம் அடி வாங்கியவர். அந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான் தோக்கியோவில் மாணவராக இருந்தபோது பழைய சாமுராய்களின் ஜுஜுட்சுவைக் கற்கப் போனார். அந்தக் காலத்தில் ஜப்பான் மேல்நாட்டு மோகத்தில் இருந்தது. ஜுஜுட்சு ஆசிரியர்களைச் சீந்துவாரில்லை. 1882-ல், 21 வயதில், எய்ஷோஜி என்ற புத்தர் கோயிலில் 12 பாய் விரிக்கும் இடத்தில் கானோ தன் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் கோடோகன். அவர் வைத்த பெயர் ஜூடோ. முதல் வருடம் மாணவர்கள் 9 பேர்.

கானோ செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. கண்ணில் குத்துவது, அடி, உதை போன்ற ஆபத்தானவற்றைத் தனியே ஒதுக்கி, ஒத்திகையாக மட்டும் செய்ய வைத்தார். மிச்சம் இருந்தவற்றை, அதாவது தூக்கிப் போடுவது, அழுத்திப் பிடிப்பது, பூட்டு, கழுத்து நெரிப்பு ஆகியவற்றை, முழு பலத்தோடு எதிர்க்கும் ஆளிடமே தினமும் பழகலாம் என்றார். இதற்குப் பெயர் ரண்டோரி. பேச்சளவில் கொடூரமாகத் தெரியும் கலையைவிட, நிஜமாகவே தினமும் பழகிப் பார்க்க முடிகிற கலைதான் வலியது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு முழுவதும் நிற்பது தட்டுவதன் மேல்தான். பூட்டு விழுந்ததும் தட்டுகிறேன், நீ விடுகிறாய். நாளைக்கும் என் கை இருக்கும், நாளைக்கும் பழகலாம். இந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் பள்ளியில் ஆள் இருக்காது.

வயதான பிறகு கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஒருவர் அமெரிக்க ஜனாதிபதி! தியோடர் ரூஸ்வெல்ட் 1904-ல், பதவியில் இருந்துகொண்டே, தன் 45-வது வயதில் கானோவின் மூத்த சீடர் யோஷியாகி யமாஷிடாவை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துப் பாடம் கேட்டார். ரூஸ்வெல்ட்டின் எடை சுமார் 90 கிலோ. யமாஷிடா அவரைவிட மிகச் சிறிய ஆள். கணுக்கால், மணிக்கட்டு, கட்டைவிரல் எல்லாம் வீங்கிக் கிடப்பதாக ரூஸ்வெல்ட் தன் மகனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். புலம்பலாக அல்ல, உற்சாகமாக. பின்னர் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் ஜூடோ சொல்லிக்கொடுக்கும் வேலை யமாஷிடாவுக்குக் கிடைத்ததும் அவரால்தான்.

அந்த வருடக் கடைசியில் கோடோகனிலிருந்து இன்னொரு குழுவும் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. அதில் ஒருவர் மிட்சுயோ மயேடா. 1878-ல் பிறந்தவர், உயரம் 164 சென்டிமீட்டர். அமெரிக்கா, ஐரோப்பா, மெக்சிகோ, கியூபா என்று பத்து வருடம் ஊர் ஊராகப் போய், வந்தவர்களோடெல்லாம் சண்டை போட்டார். கடைசியில் 1914-ல் பிரேசிலில் இறங்கினார். அங்கே அவருக்கு 'கோமா பிரபு' என்று பட்டப்பெயர். அமேசான் முகத்துவாரத்தில் உள்ள பெலெம் நகரில் குடியேறி, ஜப்பானியக் குடியேற்றத்துக்கு உதவி செய்து, பிரேசில் குடிமகனாகி, 1941-ல் அங்கேயே காலமானார்.

அதே 1914-ல் ஜப்பானிலும் ஒன்று நடந்தது. கியோட்டோ பல்கலைக்கழகம் உயர்பள்ளி மாணவர்களுக்கான ஜூடோ போட்டிகளை ஆரம்பித்தது. அந்தப் போட்டிகளில் மாணவர்கள் தரைச் சண்டையில்தான் அதிகம் இறங்கினார்கள். காரணம் சுவையானது. ஒருவரை அழகாகத் தூக்கிப் போட வருடக்கணக்கில் பழக வேண்டும். தரையில் பிடித்துக்கொண்டு தோற்காமல் இருக்கச் சில மாதப் பழக்கமே போதும். தாமதமாகச் சேர்ந்தவன், அனுபவசாலியைச் சமாளிக்கத் தரைதான் வசதியான இடம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கூடத்தில் நான் செய்வதும் அதைத்தான்!

மயேடாவின் பாடம் பெலெமில் கிரேசி குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. 1917 வாக்கில், குறும்புக்காரப் பையன் கார்லோஸ் கிரேசி அவரிடம் சேர்ந்தான். பிறகு குடும்பம் ரியோ டி ஜெனிரோவுக்குப் போனது. 1925-ல் கார்லோஸ் அங்கே ஒரு பள்ளி திறந்தார். தம்பிகளும் சேர்ந்துகொண்டார்கள். கடைசித் தம்பி எலியோ, 1913-ல் பிறந்தவர்.

குடும்பத்தார் சொல்லும் கதை இது. எலியோ நோஞ்சான், படியேறினாலே மயக்கம் வரும். அதனால் ஓரமாக உட்கார்ந்து அண்ணன் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் அண்ணன் வரத் தாமதம். பாடத்துக்கு வந்திருந்தவர் பிரேசில் வங்கியின் பெரிய அதிகாரி. காத்திருந்த அவருக்கு எலியோவே பாடம் எடுத்தார். பாடம் முடிந்து ஓடிவந்து மன்னிப்புக் கேட்ட அண்ணனிடம் அந்த அதிகாரி, இனிமேல் தம்பியிடமே கற்றுக்கொள்கிறேனே என்றாராம். எலியோ நீச்சலும் படகோட்டமும் தெரிந்த திடமான பையன்தான் என்று சரித்திரம் எழுதுபவர்கள் காட்டியிருக்கிறார்கள். எனவே நோஞ்சான் கதையில் கொஞ்சம் உப்பு காரம் சேர்ந்திருக்கிறது. நெம்புகோல் முறையை அவர்தான் கண்டுபிடித்தார் என்பதும் மிகை. கானோவின் ஜூடோவில் அது ஏற்கெனவே இருந்தது.

ஆனால் அந்த வங்கி அதிகாரியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வங்கிக்காரனுக்கு வங்கிக்காரன் என்ற பாசம் ஒருபுறம் இருக்கட்டும். கதையே என்றாலும் அதில் மாணவராக வருவது யார்? முறுக்கேறிய வாலிபன் அல்ல, வேலைக்குப் போகும் ஒரு பெரிய மனிதர். 1950-களில் ரியோவின் நடுவில், ரியோ பிராங்கோ சாலையில் கிரேசிகள் நடத்திய பள்ளிக்கு வந்தவர்களும் அப்படித்தான். வக்கீல்கள், வியாபாரிகள், அலுவலர்கள். ஆபீஸ் நேரத்துக்கு நடுவே வந்து, தனிப் பாடம் கேட்டு, குளித்துவிட்டு, டை கட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள். போட்டிக்குப் போவது அவர்கள் நோக்கமில்லை. இந்தக் கலைக்கு வாடகை கட்டிக் காப்பாற்றியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி 1951. அந்த வருடம் ஜப்பானின் மாபெரும் ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா பிரேசிலுக்கு வந்தார். அக்டோபர் 23 அன்று மரக்கானா மைதானத்தில் எலியோவுடன் மோதல். எலியோவுக்கு 38 வயது. கிமுரா நான்கு வயது இளையவர், எடையிலும் மிகப் பெரியவர். இரண்டாவது சுற்றில் கிமுரா, எலியோவின் கையை முதுகுப் பக்கமாக முறுக்கிப் பூட்டுப் போட்டார். எலியோ தட்டவில்லை. இன்னும் முறுக்கினார். தட்டவில்லை. எலும்பு முறிந்த சத்தம் கேட்டதாகக் கிமுரா பிற்காலத்தில் எழுதினார். முறியவில்லை என்பார்கள் கிரேசிகள். எப்படியானாலும், ஓரத்தில் நின்ற அண்ணன் கார்லோஸ்தான் ஆட்டத்தை நிறுத்தினார்.

இந்தச் சம்பவத்தைத் தைரியத்துக்கு உதாரணமாகப் பலரும் சொல்கிறார்கள். தைரியம்தான், மறுக்கவில்லை. எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. அந்தப் பூட்டுக்கு ஜப்பானிய மொழியில் வேறு பெயர் இருந்தது. பிரேசில்காரர்கள் அதற்குக் 'கிமுரா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தங்கள் ஆளைத் தோற்கடித்தவனின் பெயர்! இன்று உலகத்தில் எந்த ஊர்க் கூடத்துக்குப் போனாலும் அதன் பெயர் கிமுராதான். மீசையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடாமல், அதை எடுத்துப் பாடமாக வைத்துக்கொண்டார்கள்.

நான் ஏன் சேர்ந்தேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். என் பெரியண்ணன் 71 வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. பிசியோதெரபிக்கு ஆள் வீட்டுக்கே வந்தார். ஆனால் அண்ணன் எழுந்து நிற்கவே பயந்தார். மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயம். கட்டிலோடு சுருங்கி, எட்டு மாதத்தில் போய்விட்டார். அண்ணி ஒருநாள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "விழுந்ததுல சாகல தம்பி. எழுந்திருக்கப் பயந்து பயந்தே போயிட்டார்."

உலகத்தில் விபத்துக் காயங்களால் ஏற்படும் சாவுகளில், சாலை விபத்துக்கு அடுத்த இடம் விழுவதற்குத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 60 வயது தாண்டியவர்களே அதிகம். நாமோ பிள்ளைகளுக்கு நடக்கச் சொல்லிக்கொடுக்கிறோம், விழச் சொல்லிக்கொடுப்பதில்லை.

கூடத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் விழுவதுதான். முகவாயை நெஞ்சோடு சேர். தலை தரையில் மோதக்கூடாது. கையை ஊன்றித் தாங்கப் பார்க்காதே, மணிக்கட்டு போய்விடும். முதுகை வளைத்து உருண்டு, முன்கையால் தரையை அறை. குந்திய நிலையிலிருந்து ஆரம்பித்து, வாரக்கணக்கில் இதுதான். இது ஜூடோவிலிருந்து வந்த பழைய பாடம். அடுத்தது எழுந்திருப்பது. ஒரு கையைப் பின்னால் ஊன்றி, எதிர்ப்பக்கத்துக் காலைத் தரையில் பதித்து, இடுப்பைத் தூக்கி, மற்ற காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு நிற்பது. நாற்காலியைப் பிடிக்காமல் தரையிலிருந்து எழ எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. எழுந்த அன்று அண்ணனைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பயிற்சி கொடுக்கும் பையனுக்கு என் மகன் வயதுகூட இல்லை. முதல் நாளே சொன்னான்: "சார், இங்க பிடி போடுறதை மெதுவா கத்துக்கலாம். தட்டுறதை இன்னைக்கே கத்துக்கணும்." முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் எனக்கு யாரும் சொல்லாத வாக்கியம். ஆபீசிலும் வீட்டிலும் விட்டுக்கொடுத்தால் போச்சு என்றே பழகியிருக்கிறோம். இங்கே ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு முறை, பேரன் மாதிரிப் பையன்களிடமும், ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண்ணிடமும் தட்டுகிறேன். யாரும் சிரிப்பதில்லை. "அங்கிள், கையை இப்படி வச்சிருந்தா தப்பிச்சிருக்கலாம்" என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

வெளி உலகத்துக்கு இந்தக் கலை தெரிய வந்தது 1993 நவம்பர் 12-ல். அமெரிக்காவின் டென்வரில் முதல் யுஎஃப்சி போட்டி. எலியோவின் மகன் ராய்ஸ், எடை சுமார் 80 கிலோ, ஒரே இரவில் மூன்று பேரைத் தோற்கடித்தார். அதன் பிறகுதான் உலகமெங்கும் பயிற்சிக்கூடங்கள் பெருகின. மறுவருடம் தொடங்கிய சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு, மூத்தோருக்கென்றே தனிப் பிரிவுகள் வைத்தது. 30 வயதில் ஆரம்பித்து 36, 41, 46, 51, 56, 61 என்று ஏறிக்கொண்டே போகும். உணவும் பயணமுமாக உலகம் சுற்றிய ஆந்தனி போர்டெய்ன், நெடுநாள் புகைபிடித்தவர். 58 வயதில் இதில் இறங்கினார். 2016-ல், 59 வயதில், நியூயார்க்கில் நடந்த போட்டியில் தன் பிரிவில் தங்கம் வென்றார். 2018-ல் மறைந்துவிட்டார்.

பெல்ட் விஷயத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்று போகும். கறுப்புக்கு மேல் சிவப்பு பெல்ட். கூட்டமைப்பின் விதிப்படி கறுப்பு வாங்க 19 வயதாவது ஆகவேண்டும். அதன் பிறகு சிவப்புக்குக் குறைந்தது 48 வருடம். ஆக, எவ்வளவு பெரிய வீரனானாலும் 67 வயதுக்கு முன்னால் சிவப்பு பெல்ட் கட்ட முடியாது. வயது இல்லாமல் எட்ட முடியாத பட்டத்தை வேறு எந்த விளையாட்டு வைத்திருக்கிறது? நான் வட்டிக் கணக்கு போட்டுப் பழகியவன். 71-ல் கறுப்பு வாங்கினால்கூட, சிவப்பு கட்டும்போது எனக்கு 119 வயது. இதை வீட்டில் சொன்னேன். "முதல்ல மாத்திரையைப் போடுங்க" என்றாள் மனைவி.

முடிக்கும் முன் ஒரு பாட்டியைச் சொல்ல வேண்டும். கெய்கோ ஃபுகுடா. கானோவுக்கு ஜுஜுட்சு சொல்லிக்கொடுத்த குருவின் பேத்தி. 1935-ல் கானோவே அழைத்து ஜூடோவில் சேர்ந்தார். ஐந்தடிகூட இல்லாத உருவம். 50 வயதைத் தாண்டி அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து சான்பிரான்சிஸ்கோவில் பள்ளி நடத்தினார். பெண் என்பதால் பல வருடம் பதவி உயர்வு மறுக்கப்பட்டவர். 2011-ல், 98 வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்கு மிக உயர்ந்த பத்தாவது நிலையை அளித்தது. 2013-ல் 99 வயதில் மறைந்தார். எலியோ 2009-ல் மறைந்தபோது 95. இருவரும் தள்ளாத வயதிலும் கற்றுக்கொடுப்பதை விடவில்லை.

படித்துவிட்டு நாளைக்கே கிளம்பிவிடாதீர்கள். முட்டி, கழுத்து, தோள் மூன்றும் இதில் சிரமப்படும். இதயம், இரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போகக்கூடாது. இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கூடத்தை ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். தட்டிய உடனே பிடியை விடுகிறார்களா என்று கவனியுங்கள். விடாத கூடமாக இருந்தால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், வந்த வழியே திரும்பிவிடுங்கள். இதெல்லாம் வேண்டாம் என்றாலும் சரி, விழுவதையும் தரையிலிருந்து எழுவதையும் மட்டுமாவது தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு பழகுங்கள்.

நண்பர்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். அறுபதில் முழுசாக வளையாதுதான். ஆனால் எவ்வளவு வளைகிறதோ அந்த இடத்தில் தட்டிவிடலாம். மறுநாளும் போகலாம். உங்களில் யாராவது அறுபதுக்குமேல் புதிதாக ஏதாவது கற்றுக்கொண்டிருந்தால், அது வீணையோ நீச்சலோ, அவசியம் எழுதுங்கள்.